கொழிஞ்சாம்பாறையில் கட்டுப் பலூன்: 60 மீட்டரில் எதை அளக்கலாம்?

பனந்தோப்பு:
பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழி ஒன்பதாம் வகுப்பு, 24 பிள்ளைங்க. வெப்பநிலை, காத்தழுத்தம் அளக்கற பிஎம்இ280 சென்சார், அந்த அளவைப் பதிவு பண்ற ஈஎஸ்பி32 போர்டு (சின்னக் கணினி மாதிரி) ரெண்டு செட் இருக்குங்க. பலூனைக் கயித்துல கட்டி 60 மீட்டர் ஏத்தலாம்னு திட்டம். மதியம் ஏத்தினா உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையறது தெரியுமா? ஹீலியம் எவ்வளவு வேணும்?

மேகநோக்கி:
மதியம் வேண்டாம் டீச்சர். மேகம் சேராத காத்து மேல ஏறும்போது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். 60 மீட்டருக்கு அது 0.6 டிகிரிதான். பிஎம்இ280 சென்சார்ல 1 டிகிரி பிழை சாதாரணம். வெயில் சென்சார் பெட்டியைச் சுட்டா அது இன்னும் ஏறும்.

மேகமில்லாத ராத்திரிக்கு அடுத்த விடியல்ல, 6 மணிக்கு ஏத்துங்க. தரை ராத்திரி முழுக்கச் சூட்டை விட்டுக் குளிர்ந்திருக்கும். அதை ஒட்டின காத்தும் குளிர்ந்திருக்கும். அதனால பலூன் ஏற ஏற வெப்பநிலை கூடும். வெயில் ஏறினதும் அது தலைகீழா மாறும். அந்த மாற்றத்தை அரைமணிக்கு ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பிடிக்கலாம். இதைவிட நல்ல பாடம் இந்த உயரத்துல கிடைக்காதுங்க.

மார்கழி, தையில வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள வீசற கிழக்குக் காத்து அடுக்குகளைக் கலக்கிடும், பலூனும் சாஞ்சு படுத்துக்கும். மாசி, பங்குனியில காத்து அடங்கின விடியலாப் பாருங்க. பனை ஓலை சலசலத்தாலே அன்னைக்கு நிறுத்திடுங்க.

கம்பிக்கொடி:
ரெண்டு சென்சாரையும் முதல்ல நிழல்ல பக்கத்துல பக்கத்துல 20 நிமிஷம் வைங்க. ஒண்ணு 0.7 டிகிரி கூடக் காட்டினா கடைசிக் கணக்குல அதைக் கழிச்சிடுங்க. ஒண்ணு மேல, ஒண்ணு தரையிலேயே ஓடணும். தரையில இருக்கறது எதுக்குன்னா, பலூனோட உயரத்தைக் காத்தழுத்தத்தை வச்சுத்தான் கணக்குப் போடறோம்; ஆனா காலை 4 மணியிலிருந்து 10 மணி வரை காத்தழுத்தம் தானாவே ஏறும். அது 1 ஹெக்டோபாஸ்கல் (காத்தழுத்த அலகு) ஏறினா, பலூன் 9 மீட்டர் இறங்கின மாதிரி காட்டும். தரை அளவைக் கழிச்சாத்தான் உயரம் சரியா வரும்.

சென்சாரைப் போர்டு மேலயே ஒட்டாதீங்க, போர்டோட சூடு ஏறிடும். 15 செ.மீ. ஒயர்ல தள்ளித் தொங்க விட்டு, ஓட்டை போட்ட ரெண்டு வெள்ளைத் தெர்மோகோல் கப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கவுத்து மூடுங்க. பலூனுக்கு 3 மீட்டராவது கீழ கட்டணும். 10 மீட்டருக்கு ஒரு கலர் நூல் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுலயும் 2 நிமிஷம் நிறுத்தி, முதல் நிமிஷத்து அளவை விட்டுடுங்க.

1 கனமீட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிலோ தூக்கும். 1.2 மீட்டர் விட்டப் பலூனுக்கு 0.9 கனமீட்டர் பிடிக்கும். 150 பார் அழுத்தத்துல நிரப்பின 10 லிட்டர் சிலிண்டர்ல 1.5 கனமீட்டர் இருக்கும், அதுவே போதும். பலூன், கயிறு, சென்சார் பெட்டி எடை போக மிச்ச இழுப்பு, பெட்டி எடையை விடக் கூடவே இருக்கணும்; இல்லேன்னா லேசான காத்துக்கே சாயும். கயிறு 2 மி.மீ. பின்னல் நைலான். தூண்டில் நரம்பு கையை அறுக்கும். பிடிக்கறவங்களுக்குக் கையுறை கட்டாயம். பனியில நனைஞ்ச கயிறு மின்சாரம் கடத்தும். மின்கம்பி இருக்கற பக்கமே போகாதீங்க.

பனந்தோப்பு:
ரொம்ப நன்றிங்க. ஹீலியம் விலை கூடுதலா இருக்கு. திருவிழா பலூன்காரர்கிட்ட கேஸ் வாங்கலாமா?

கம்பிக்கொடி:
வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் காஸ்டிக் சோடாவுல அலுமினியத்தைப் போட்டு எடுக்கற ஹைட்ரஜன். காத்துல 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பலூன் ரப்பர் உரசி வர்ற பொறியே போதும்.

மேகநோக்கி:
கயிறு இல்லாம எதையும் விட்டுடாதீங்க. கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் கிட்ட இருக்கு. கட்டுப் பலூனுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுடுங்க. 60 மீட்டருக்கு மேல என்னன்னு பார்க்க வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்துல கொச்சி வானிலை நிலையம், எண் 43353, அங்க பலூன் விட்டு எடுத்த 00 யுடிசி (உலகப் பொது நேரம்) அளவை எடுங்க. நமக்கு அது காலை 5.30. வரைபடத் தாள்ல புள்ளி வச்சு, 0 டிகிரி எந்த உயரத்துல வருதுன்னு பிள்ளைங்களையே தேடச் சொல்லுங்க, 5 கி.மீ. பக்கம் வரும். கொச்சி கடலோரம்ங்கறதால, 1,500 மீட்டருக்குக் கீழ உள்ளதை மட்டும் உங்க ஊரோட ஒப்பிடாதீங்க.