ஏபிஎஸ் இல்லாத காருக்கு அகல டயர் போடலாமா?

நண்பர்களே ஒரு உதவி, என்னோட பழைய கார்ல ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கிறப்ப வீல் லாக் ஆகாம தடுக்குறது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (வேகம் குடுக்குறப்ப வீல் வழுக்கி சுத்தாம தடுக்குறது) எதுவுமே கிடையாது, இப்ப இருக்குற 165/80 ஆர்14 (அகலம் 165 மிமீ, பக்கவாட்டு உயரம் அதுல 80%, ரிம் விட்டம் 14 இன்ச்) டயர் நாலும் தேஞ்சு போச்சு, 185/70 ஆர்14 போடலாம்னு பாக்குறேன். கணக்கு போட்டா டயரோட மொத்த உயரம் 620 மிமீல இருந்து 615 ஆகுது, ஸ்பீடாமீட்டர் பெருசா மாறாது, அது பரவால்ல.

பயம் மழைக்குத்தான். போன வாரம் ஈர ரோட்ல பிரேக்க கொஞ்சம் அழுத்தி மிதிச்சேன், முன் வீல் லாக் ஆயி ஸ்டீரிங்க எவ்ளோ ஒடிச்சும் வண்டி நேராவே வழுக்கிட்டு போச்சு, பிரேக்க விட்டப்புறம்தான் திரும்புச்சு, கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு. அகல டயர் தேங்குன தண்ணில சீக்கிரம் மிதக்கும்ல? 5 இன்ச் அகல ரிம்ல இது ஒழுங்கா உக்காருமா, இல்ல பழைய சைஸ்லயே நல்ல டயரா போட்டுறவா? பின்சீட்ல புள்ளைங்க உக்கார்ற வண்டி, ஏபிஎஸ் இல்லாம ஓட்டுறவங்க கண்டிப்பா சொல்லுங்க.