லண்டன் வாடகை வீட்டு டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: லண்டன்ல போன மாசம்தான் குடிவந்தோம், அஞ்சு வார வாடகையை டெபாசிட்டா கொடுத்தேன், ஆனா ஓனர் ஒரு பேப்பரும் தரல, காலி பண்றப்போ பணம் வருமான்னு பயமா இருக்கு, என்ன பண்றது?

பதில் 1: பயப்படாதீங்க ப்ரோ. இங்கிலாந்துல ஓனர் பணம் வாங்கின 30 நாளுக்குள்ள டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ்னு அரசு அங்கீகரிச்ச மூணு டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்கள்ல ஒண்ணுல அதைப் பாதுகாத்து உங்களுக்கு விவரம் எழுத்துல கொடுத்தே ஆகணும். மூணு சைட்லயும் நீங்களே தேடிப் பாக்கலாம். செய்யலன்னா கோர்ட் மூலமா டெபாசிட் மாதிரி 1 முதல் 3 மடங்கு வரை உங்களுக்கு வாங்கலாம்.

பதில் 2: ஓனரும் அதே வீட்டுல இருந்தா இந்த ரூல் பொருந்தாது, கவனம்.

பதில் 3: சுவர், கார்ப்பெட், மீட்டர் ரீடிங் எல்லாத்தையும் இன்னிக்கே போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில் போட்டுடுங்க. நான் எடுக்காம விட்டதால ஏற்கனவே இருந்த கறைக்கு என்கிட்ட 200 பவுண்டு புடிச்சுட்டாங்க, இன்னும் மனசு ஆறல.

கேட்டவர்: டிபிஎஸ்ல தேடினேன், இருக்கு! ரொம்ப நன்றி.