பள்ளி நடக்கும்போதே பிளம்பிங், வயரிங் வேலை: பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

வாசல்கோலம் (கேள்வி):

வணக்கம். எங்களுடையது நர்சரி, பிரைமரி பள்ளி. எல்.கே.ஜி. முதல் 5ஆம் வகுப்பு வரை 210 பிள்ளைகள். கழிப்பறை லைன் முழுக்க அடைத்துக்கொண்டது. மே விடுமுறை வரை தள்ளிப்போட வழியில்லை. அதோடு இரண்டு வகுப்பறைக்கு வயரிங் மாற்ற வேண்டும், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். தினம் 6 முதல் 8 ஆட்கள், மூன்று வார வேலை. "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பசங்கதான், ஆதார் ஜெராக்ஸ் தந்துடறேன்" என்கிறார் காண்டிராக்டர். அது போதுமா? அவரிடம் வேறென்ன எழுதி வாங்க வேண்டும்?

தென்னங்கீற்று:

போதாது. ஆதார் நகல் ஆள் யார் என்று சொல்லும், அவ்வளவுதான்.

2020ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) விதிகளின்படி, பிள்ளைகளோடு பழகும் ஊழியர்கள் எல்லாருக்கும், ஒப்பந்த ஊழியர் உட்பட, பள்ளிகள் காவல்துறைச் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். மூன்று வாரம் வந்து போகிற பிளம்பர் அந்த வரையறைக்குள் வருவாரா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள். ஆனால் முழுப் பாரத்தையும் அந்தச் சான்றிதழ் மேல் ஏற்றிவிடாதீர்கள். பதிவான வழக்கு இருந்தால்தான் அதில் தெரியும். புகாரே வராமல் போனவை எதிலும் தெரியாது.

நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் ஆள் மாறும்போதுதான். முதல் நாள் பட்டியலில் இருந்தவர் ஊருக்குப் போய்விடுவார். நான்காம் நாள் அவருடைய மச்சான் வந்து நிற்பார். வாட்ச்மேனும் "மேஸ்திரி ஆளுதான்" என்று உள்ளே விட்டுவிடுவார். பட்டியலில் பெயரும் படமும் இல்லாதவர் கேட்டைத் தாண்டக் கூடாது, அன்று வேலை நின்றாலும் சரி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலை நின்ற நாளுக்குப் பள்ளி அபராதம் கேட்காது என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் எப்படியாவது ஒரு ஆளைத் திணிக்கத்தான் பார்ப்பார்.

எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: வேலை ஆளும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் ஒரு நிமிடம்கூட அமையாதபடி இடத்தையும் நேரத்தையும் பிரித்து வையுங்கள். இது நேர்மையான தொழிலாளிக்கும் காப்பு, வீண்பழிக்கு இடமிருக்காது.

உங்கள் வேலையில் ஆபத்தான இடம் கழிப்பறைதான். பிள்ளை தனியாகப் போகும், கதவைச் சாத்திக்கொள்ளும், ஆயா வெளியே நிற்பார். "பாதியில் வேலை நடக்கட்டும், பாதியைப் பிள்ளைகள் பயன்படுத்தட்டும்" என்ற யோசனைக்கே போகாதீர்கள். அந்தப் பிளாக்கை முழுதாகப் பூட்டுங்கள். வேறு பிளாக் இல்லையென்றால், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும், சனி ஞாயிறிலும் மட்டும் வேலை. மூன்று வாரம் ஐந்து வாரமாகும், ஆகட்டும். தொழிலாளர்களுக்குத் தனிக் கழிப்பறையும் தனிக் குடிநீரும் கட்டாயம் கொடுங்கள். அவை இல்லாவிட்டால் பிள்ளைகள் பக்கம்தான் வருவார்கள். அந்தத் தப்பு நம்முடையது.

பார்க்காமல் விடுகிற இன்னொன்று போன். வேலை முடிந்ததைக் காட்ட மேஸ்திரிக்குப் படம் அனுப்புவார்கள், பின்னால் பிள்ளைகள் நிற்பார்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் படம் எடுக்கக் கூடாது. தேவைப்பட்டால் உங்கள் சூப்பர்வைசர் போனில் எடுத்து அனுப்புங்கள்.

முப்பதுமில்லி:

வயரிங், பெயின்ட் பக்கம் நான் சொல்கிறேன்.

டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷினுக்குப் பிளக் இல்லாமல் வயரின் இரண்டு முனையையும் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியைச் சொருகி நிறுத்துவார்கள். எந்த சைட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு பிள்ளை கால் தட்டி இழுத்தால் செம்பு வெளியே வந்துவிடும், கரன்ட்டும் அதில் இருக்கும். முதல் நாளே எல்லா மெஷினிலும் பிளக் டாப் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். தற்காலிக லைனை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) வழியாக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். தினம் காலையில் அழுத்திப் பார்க்க 10 விநாடி போதும். பழைய பள்ளிகளில் 100 மில்லி ஆம்பியர் போட்டிருப்பார்கள். அது தீ விபத்துக்கு உதவும், பிள்ளையின் உயிரைக் காக்க அதை நம்பக் கூடாது.

வயரிங் நடக்கும் அறைக்கு டிபி-யில் (கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எம்.சி.பி.யை (அந்த அறைக்கான சுவிட்ச்) இறக்கியதோடு விடாதீர்கள். டிபி கதவைப் பூட்டி, சாவியை எலக்ட்ரீஷியனே வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறையில் ஃபேன் ஓடவில்லை என்று யாராவது வந்து ஏற்றிவிடுவதுதான் வழக்கமான விபத்து. சுவிட்ச் போர்டைக் கழற்றிய இடத்தில் அன்று மாலையே வெற்றுத் தட்டு திருகி மூடிவிட வேண்டும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போகக் கூடாது. எல்.கே.ஜி. பிள்ளையின் விரல் அந்த உயரத்துக்குச் சரியாக எட்டும்.

பெயின்ட்டில் பெரிய ஆபத்து தின்னர். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைப்பார்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். சொந்த டப்பாவைத் தவிர வேறெதிலும் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மீறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனை.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட்டில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், தூசியை மூச்சில் இழுக்கும் சின்னப் பிள்ளைக்கு அது மூளையைப் பாதிக்கும்.

மாலையில் ஏணியைப் படுக்க வைத்துச் சங்கிலி போடுங்கள். சம்ப் மூடியையும் செப்டிக் டேங்க் மூடியையும் திறந்தபடி விட்டு யாரும் டீ குடிக்கப் போகக் கூடாது. மேலே பலகையைச் சாத்தி வைப்பது மூடுவதாகாது. அதுதான் இன்னும் ஆபத்து, பிள்ளை அதன் மேல் ஏறும்.

வாசல்கோலம்:

மிக்க நன்றி. ஒருவேளை வேலை ஆள் தப்பாக நடந்துகொண்டதாகப் பிள்ளை யாரிடமாவது சொன்னால்? நாங்களே முதலில் விசாரித்துப் பார்க்கலாமா?

தென்னங்கீற்று:

கூடாது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றி நிறுவனப் பொறுப்பாளரே மறைத்தால் ஓராண்டு வரை. காண்டிராக்டரைக் கூப்பிட்டுப் பேசுவது, அந்த ஆளை அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவது இரண்டும் பெருந்தவறு. அந்த ஆள் நாளை வேறொரு பள்ளியில் நிற்பார்.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். "அந்த அண்ணா இப்படிச் செய்தாரா?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள், "அப்புறம் என்னாச்சு" என்பது போதும். பிள்ளையின் சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். வேறு ஆசிரியர் முன்னால் மறுபடி சொல்ல வைக்காதீர்கள். உடுப்பைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகித உறையில் வையுங்கள். 1098க்கு (குழந்தைகள் உதவி எண்) அழையுங்கள், பெற்றோருக்குச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை பதியும் முன்பேகூட மருத்துவப் பரிசோதனை செய்யலாம். சட்டத்தில் 27ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இன்னொன்று. மேஸ்திரி கூட்டிவரும் கையாள் பையனுக்கு 15 வயது என்றால், அவனும் சட்டப்படி குழந்தைதான். அப்படி ஒருவனைக் கண்டால் அதையும் 1098க்குச் சொல்லுங்கள்.

கிணற்றடி:

பெற்றோர் கூட்டத்தில் வீட்டு வேலை பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் அம்மா. வீட்டில் பிளம்பர் இருக்கும்போது "போய் அண்ணாவுக்கு டீ குடுத்துட்டு வா" என்று பிள்ளையை பாத்ரூம் பக்கம் அனுப்புவது நம் வழக்கம். டீயைப் பெரியவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு ஆளை வரச்சொல்லாதீர்கள். "பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க" என்பது கணக்கில் வராது. போனில் கேம் காட்டினாலோ, மிட்டாய் கொடுத்து "அம்மாகிட்ட சொல்லாதே" என்றாலோ உடனே வந்து சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

கீசரையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கழற்றினால் சுவரில் ஓட்டை நிற்கும். "சிமெண்ட் நாளைக்குப் பூசறேன்" என்று போய்விடுவார்கள்; அது நான்கு நாள் அப்படியே கிடக்கும், வெளியே சாரத்தில் நிற்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். ஆள் கிளம்பும் முன் அட்டையை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு நீங்களே வெளியே போய், உள்ளே லைட்டைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.