பாவித்த லெப்டொப்: நான் அடிப்பதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகிறது, உதவி தேவை

கொட்டகலை டைப்பிங்:
வணக்கம். போன மாதம் ஒரு கடையில் பாவித்த லெப்டொப் வாங்கினேன், விண்டோஸ் 10. தோட்டத்து ஆட்களுக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) படிவம், கடிதமெல்லாம் அதில்தான் அடித்துக் கொடுக்கிறேன். நேற்று டிஸ்க்கில் இடமில்லை என்று துழாவியபோது, புரோகிராம்டேட்டா என்கிற ஃபோல்டருக்குள் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. திறந்தால் வெறும் குப்பை. அப்புறம்தான் பொறி தட்டியது, நான் ஆங்கில எழுத்து விசைகளிலேயே தமிழ் அடிக்கிற பாமினி எழுத்துருவில் அடிப்பவள். "அம்மா" என்று அடித்த இடத்தில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று கிடக்கிறது! தமிழ்தான் குழம்பியிருக்கிறது, ஆட்களின் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கமும் பளிச்சென்று தெரிகிறது. பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டு அழித்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்ப முளைத்துவிட்டது.

பண்டாரவளைத் தம்பி:
ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணுங்க அக்கா, போயிடும்.

தலவாக்கலை சேர்:
போகாது தம்பி. ஊழியர்களைக் கண்காணிக்க விற்கிற மென்பொருள்களைப் பல ஆன்டிவைரஸ்கள் கண்டுகொள்வதில்லை.
தங்கச்சி, முதலில் வைஃபையை நிறுத்துங்கள். ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை ஃபோனிலிருந்து மாற்றுங்கள். அந்த லெப்டொப்பில் மாற்றினால் புதியதையும் அது எழுதிக்கொள்ளும். பிறகு ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள், அந்தக் கோப்பில் எழுதுவது எது என்று தெரியும்.

கொட்டகலை டைப்பிங்:
பார்த்தேன் சேர். பெயரில் "ஓடியோ" என்று இருக்கிறது. சத்தத்துக்கான டிரைவரோ?

தலவாக்கலை சேர்:
அப்படியும் நடந்ததுண்டு. 2017 மே மாதம், சில எச்.பி லெப்டொப்களில் கொனெக்ஸன்ட் ஓடியோ டிரைவரே விசைகளைக் கோப்பில் எழுதுவதை மொட்சீரோ என்ற சுவிஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. பரிசோதனைக்குப் போட்டதை எடுக்க மறந்த கதை. ஆனால் அது ஒவ்வொரு லொகினுக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியது. உங்கள் பிரதியில் எத்தனை நாள் இருக்கிறது? அந்த "ஓடியோ" புரோகிராமின் புரொப்பர்ட்டீஸில், தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொட்டகலை டைப்பிங்:
கையொப்பம் இல்லை. நான் வாங்குவதற்கு முந்தியதும் இருக்கிறது. யாரோ ஓர் அலுவலகத்துப் பிள்ளை ஆங்கிலத்தில் லீவுக் கடிதம் அடித்து, "காய்ச்சல்" என்பதை அழித்து "குடும்ப விஷயம்" என்று மாற்றியிருக்கிறாள். கடையில் கேட்டால், வந்தபடியே விற்றோம் என்கிறார்கள்.

தலவாக்கலை சேர்:
அப்படியானால் முன்பு இருந்த அலுவலகம் போட்டதாக இருக்கலாம். வெளியே போனதா என்று தேடாமல், போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்கள், படிவங்களை மட்டும் பிரதி எடுங்கள், புரோகிராம் எதையும் வேண்டாம். வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இறக்கி, டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்துப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, மெஷின் தாங்குமானால் 11. அப்புறம், இலக்கம் கொடுத்த ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த இலக்கத்திலேயே பிறந்த தேதி இருக்கிறது. எவனாவது அதைச் சொல்லி ஃபோன் எடுத்தால் நம்பிவிடுவார்கள்.

கொட்டகலை டைப்பிங்:
இரண்டு தடவை கரண்ட் போய், மூன்றாவது தடவையில் விண்டோஸ் ஏறியது சேர். கோப்பு இப்போது இல்லை. இன்று தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் வைத்து எல்லோரிடமும் சொன்னேன், இருவர் ஏசினார்கள். பிரதியையும் அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு லீவு கிடைத்ததா என்றுதான் தெரியவில்லை.