லெனின் ரூபிளும் துவா தபால்தலைகளும்: வாங்கலாமா?

புதுச்சேகரம்:
வணக்கம். 1970 லெனின் நூற்றாண்டு ரூபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கண்ணாடி மாதிரி மின்னுகிறது. 'புரூஃப்' (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடித்தது) என்று சொல்லிச் சாதாரண லெனினைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். கூடவே டைனோசர், பூனைப் படங்களோடு 'துவா' என்று அச்சிட்ட தபால்தலைகள் ஒரு கட்டு, முத்திரை குத்திய சோவியத் தபால்தலைகள் ஓர் ஆல்பம். எதை எடுக்கலாம்?

விளிம்புநோக்கி:
லெனின் முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். 1965 முதல் வந்த நினைவு ரூபிள்கள் பலவற்றை 1988இல் புரூஃப் தரத்தில் மறுபடி அடித்தார்கள். அவற்றின் விளிம்பில் 1988 என்ற ஆண்டும், ஆங்கில 'எச்' போலத் தெரியும் ரஷ்ய 'ந' எழுத்தும் இருக்கும். இதை 'நோவோதெல்' என்பார்கள். அரசு அடித்ததுதான், போலி அல்ல. சாதாரண லெனின் சுமார் பத்துக் கோடி வந்தது, நோவோதெல் மிகக் குறைவு. ஆகவே 1988 இருந்தால் கூடுதல் விலை நியாயமே.

1988 இல்லாமல் மின்னினால்தான் சந்தேகம். பெரும்பாலும் யாரோ பாலிஷ் போட்டிருப்பார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக்கண்ணாடியில்) பாருங்கள்: புரூஃபில் எழுத்தின் ஓரம் கத்தி போல நிற்கும், பாலிஷ் போட்டதில் ஓரம் மழுங்கி, பரப்பில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். அளவு 31 மி.மீ., எடை சுமார் 12.8 கிராம்.

பல்வெட்டு:
துவாக் கட்டைத் தொடாதீர்கள். தன்னு துவா (மங்கோலியாவை ஒட்டிய பகுதி) தனிநாடாக இருந்தபோது 1926 முதல் வெளியிட்ட தபால்தலைகள் அசல், அவற்றில் முக்கோண, சாய்சதுர வடிவங்களும் உண்டு; 1944இல் அது சோவியத்தோடு இணைந்துவிட்டது. டைனோசரும் பூனையும் 1990களில் ரஷ்யப் பிரதேசங்களின் பெயரைப் போட்டு வியாபாரிகள் அச்சடித்த காகிதம். எந்தத் தபால் நிலையத்திலும் அவை விற்கப்படவில்லை, பெரிய கேட்டலாக்குகளிலும் இடமில்லை.

ஆல்பத்தில் ஒன்றிரண்டை இடுக்கியால் திருப்பிப் பாருங்கள். மூலையில் சுத்தமாகக் கால்வட்ட முத்திரை, பின்னால் பசை அப்படியே இருந்தால், அது ஏற்றுமதிக்காக மொத்தமாக முத்திரை குத்தியது. கடிதத்தில் போகவே இல்லை. மலிவாகக் கிடைத்தால் எடுங்கள், 'பயன்படுத்தியது' என்று அதிக விலை கொடுக்க வேண்டாம். காலம் கணிக்க ஒரு வழி: 1961 ஜனவரியில் பழைய பத்து ரூபிள் புதிய ஒரு ரூபிளாக மாறியது. அதற்கு முன் சாதாரணக் கடிதத்துக்கு 40 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), பின் 4 கோபெக்.

புதுச்சேகரம்:
நன்றி. விளிம்பில் 'ஒரு ரூபிள்' என்ற ரஷ்ய எழுத்து மட்டும்தான், 1988 இல்லை. அதே ஆளிடம் ரஷ்யாவின் செச்சென்யக் குடியரசுக்காக 2010இல் வந்த 10 ரூபிள் நாணயமும் இருக்கிறது. பழைய நாணயங்களில் பச்சையாக ஏதோ ஒட்டுகிறது, அதையும் சொல்லுங்கள்.

விளிம்புநோக்கி:
அப்படியென்றால் லெனினுக்குச் சாதாரண விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். செச்சென்யா 1 லட்சம் மட்டுமே அடித்தது, அதனால் போலி ஏராளம். காந்தம் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் இருஉலோக நாணயம் ஒட்டக் கூடாது. 27 மி.மீ., 8.4 கிராம், விளிம்பில் 'பத்து ரூபிள்' இருமுறை. ஒட்டினால் போலி என்பது உறுதி. ஒட்டவில்லை என்பதற்காக அசல் ஆகிவிடாது, நல்ல போலிகளும் காந்தத்தில் ஒட்டாத பித்தளைதான். அதே தொடரின் மலிவான நாணயம் ஒன்றை வாங்கி, எழுத்தின் கனத்தை லூப்பில் ஒப்பிடுங்கள்.

உறைக்காரர்:
பச்சைப் பிசுக்கு பி.வி.சி. பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிவது. நாணயத்தைச் சுத்த அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஓரிரு நிமிடம் போட்டு, தேய்க்காமல் எடுத்துத் தானாக உலர விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பற்பசை, புளி, துணி எதுவும் கூடாது. பிறகு பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை. ஸ்டேப்பிள் அடிக்கும் அட்டை உறை என்றால் பின்னைத் தட்டையாக அழுத்திவிடுங்கள், பக்கத்து நாணயத்தைக் கீறும். தபால்தலை பக்கம் மட்டும் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள்.