'மனகோலம்' என்று எழுதினால் 'மனோலம்' என்று தேடுபவருக்கு நம் பக்கம் தென்படுமா?

பள்ளத்தூர்ப் பலகாரக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் ஆயா பள்ளத்தூரில் பல ஆண்டுகளாகப் பலகாரம் செய்து, கல்யாண வீடுகளுக்கும் வெளியூர் உறவினர்களுக்கும் அனுப்பி வருகிறார்கள். சென்ற ஆண்டு அதற்கென ஓர் இணையதளம் தொடங்கினேன். அமைத்துக் கொடுத்த நிறுவனத்தார், நூறு சொல்லுக்கு மூன்று முறையாவது 'செட்டிநாட்டுப் பலகாரம்' என்ற தொடர் வர வேண்டும் என்றார்கள். 'எல்எஸ்ஐ சொற்கள்' என்று ஒரு பட்டியலைக் கொடுத்து அதையும் ஆங்காங்கே நுழைக்கச் சொன்னார்கள். போதாததற்குப் பக்கத்தின் அடியில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர் என்று ஊர்ப்பெயர்களை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடுக்கியிருக்கிறார்கள். முகப்புப் பத்தியை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "இதை எழுதினது கிளிப்பிள்ளையா?" என்று கேட்டார்கள்.

என் ஐயம் இதுதான். எங்கள் பக்கத்து வெல்லப்பாகுப் பலகாரம் ஒன்றுக்கு மனகோலம், மனோலம் என இரண்டு விதமாகவும் வழங்கும் பெயர்களையும், 'செட்டிநாடு', 'செட்டிநாட்டில்', 'செட்டிநாட்டு' எனத் திரியும் வடிவங்களையும் தேடுபொறி ஒன்றாகப் பார்க்கிறதா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாக நான் எழுதி வைக்க வேண்டுமா?

சொல்லடைவு எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அந்த வெள்ளை எழுத்துப் பட்டியலை எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுத்தை ஒளிப்பதும், ஒரே தொடரைத் திணிப்பதும் கூகுளின் விதிகளில் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. நூற்றுக்கு மூன்று என்ற கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. பக்கத்தின் நிரலுக்குள் குறிச்சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் வரியையும் வைத்திருப்பார்கள். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

தேடுபொறியின் அடித்தளம், சங்க நூல் பதிப்புகளின் பின்னிணைப்பில் நாம் பார்க்கும் சொல்லடைவு போன்றதுதான்: எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. அரிதாக வரும் சொல்லே பக்கத்தை அடையாளம் காட்டும் என்ற கருத்தைக் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் கணக்காக்கிக் காட்டினார். 'பலகாரம்' எங்கும் கிடக்கிற சொல். 'மனகோலம்' அப்படியல்ல, ஆகவே அதற்கு எடை கூடுதல். அதன் வழியில் பின்னால் வந்த பி.எம்.25 என்ற வாய்ப்பாட்டில், ஒரு சொல் இரண்டாம் மூன்றாம் முறை வரும்போது கிடைக்கும் மதிப்பு, பத்தாம் முறை வரும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். கிளிப்பிள்ளைப் பத்தியால் உங்களுக்குப் பயன் கிடைக்காததற்கு அதுவே போதுமான காரணம்.

வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழில் இது ஆங்கிலத்தைவிடச் சிக்கலானது. உருபு ஒட்டும்போது 'நாடு' என்ற பகுதியே 'நாட்டு' என்று மாறிவிடுகிறது, போதாக்குறைக்கு வல்லினம் மிகுந்து 'நாட்டுப்' என்றும் நிற்கிறது. பழைய முறையில் இவற்றை வெட்டி வேர்ச்சொல்லுக்குக் கொண்டுவர விதி எழுத வேண்டியிருந்தது. இப்போதைய மொழி மாதிரிகள் சொல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, அவை எந்தச் சூழலில் வருகின்றன என்பதைக் கற்றுக்கொள்கின்றன. 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலுக்கு வந்த பெர்ட் என்ற மாதிரியைக் கூகுள் அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. ஆகவே எல்லா உருபையும் அடுக்கிக் காட்ட வேண்டாம். இலக்கணப்படி இயல்பாக எழுதினாலே அவை தாமாக வந்துவிடும்.

அந்த 'எல்எஸ்ஐ' கதையையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அது 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் உருவான ஒரு கணித முறை. ஒன்றாக வரும் சொற்களை வைத்துப் பொருள் நெருக்கத்தைக் கணிப்பது. 'எல்எஸ்ஐ சொற்கள் என்று ஒன்று கிடையாது' என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆயினும் தொடர்புடைய சொற்கள் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து 'மனோகரம்' உங்கள் மனகோலத்துக்கு உறவு என்பதை யாரும் இயந்திரத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டைப் பற்றியும் எழுதுகிற பக்கங்களில் வெல்லப்பாகும் முறுக்கு அச்சும் பக்கத்தில் பக்கத்தில் வருவதிலிருந்து அது ஊகித்துக்கொள்ள வழியிருக்கிறது. பட்டியலில் இருந்து பொறுக்கிப் போட்ட சொற்களுக்கு அந்தச் சுற்றம் இருக்காது.

கண்டாங்கிக் கட்டம் எழுதியது:

நான் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். மேலே அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: தேடுபவரின் நோக்கம். 'மனகோலம்' என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். வருவதில் பெரும்பாலும் செய்முறைகளாகவும் சமையல் காணொளிகளாகவும் இருந்தால், அந்தச் சொல்லைத் தேடுபவர்கள் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்று தேடுபொறி முடிவு கட்டியிருக்கிறது என்று பொருள். விற்பனைப் பக்கத்தில் எத்தனை முறை அந்தப் பெயரை எழுதினாலும் அங்கே இடம் கிடைப்பது அரிது. செய்முறைக்கு ஒரு பக்கம், விற்பனைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அது என்ன சேலை என்று அறிய வந்தவர்களையும் வாங்க வந்தவர்களையும் நான் இப்படித்தான் பிரித்து வைத்தேன்.

பள்ளத்தூர்ப் பலகாரக்காரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. வெள்ளை எழுத்தை நீக்கிவிட்டு, தளம் வைத்திருப்போருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் எந்தத் தேடலுக்கெல்லாம் தளம் தென்பட்டது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ப் பெயர்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. கவுனி அரிசியைச் சிலர் 'கௌனி' என்று எழுதுவார்கள் என்பதால் அந்த வடிவத்தையும் சேர்த்திருந்தேன். என் தளத்திலேயே உள்ள தேடல் பெட்டியில் அதை அடித்தால் ஒன்றுமே வரவில்லை. 'மனகோலம்' பக்கத்திலும் இதே கோளாறு இருக்கிறது.

சொல்லடைவு எழுதியது:

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிக்கோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிக்கோடு தரமே வரையறுத்திருப்பதால், ஒழுங்காக எழுதிய எந்த மென்பொருளும் இவற்றை ஒருமுகப்படுத்திவிடும். உங்கள் தேடல் பெட்டி அதைச் செய்யவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பை ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

'கௌனி' அப்படியல்ல. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு போட்டு, பின்னால் 'ள' என்ற எழுத்தையே அடித்திருக்கிறீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அது வேறு சொல், அதாவது எழுத்துப்பிழை. ஒருமுகப்படுத்தினாலும் சரியாகாது. பெரிய தேடுபொறிகள் பிழைதிருத்தத்தில் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும், ஆனால் அதை நம்பிக் கடை நடத்த வேண்டாம். 'ள'வை அழித்துவிட்டு முறையான குறியை இடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தேடுபவர்களுக்காகப் பலகாரத்தின் பெயரை அந்த எழுத்திலும் ஒருமுறை தலைப்பிலோ பக்க முகவரியிலோ வைத்தால் போதும்.

பள்ளத்தூர்ப் பலகாரக்காரன் எழுதியது:

கோப்பு பழைய எழுத்துருவில் இருந்ததுதான், இரண்டையும் திருத்திவிட்டேன். முகப்புப் பத்தியையும் தூக்கிவிட்டு, ஆயா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: "எங்கள் வீட்டில் மனோலம் என்போம், சிலர் மனகோலம் என்பார்கள். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து அரைத்த மாவைத் தேன்குழல் அச்சில் பிழிந்து, பொரித்து, ஒடித்து, பொட்டுக்கடலையும் தேங்காய்ப்பல்லும் போட்டு வெல்லப்பாகில் புரட்டுவது." இரண்டு பெயரும் வந்துவிட்டன. 'செட்டிநாட்டுப் பலகாரம்' என்ற தொடர் இதில் ஒருமுறைகூட இல்லை. தலைப்பில் மட்டும் வைத்திருக்கிறேன், போதுமா?

சொல்லடைவு எழுதியது:

போதும். கவுனிக்கும் இதேபோல் ஆயாவிடம் கேட்டு எழுதுங்கள்.