போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் வேதியியல் பிஎச்டி. போன மாதம்தான் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. ஆய்வு பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் செய்யும் சூரிய மின்கலங்களில். ஈய அயோடைடு சேர்ந்த கரைசலைக் கண்ணாடியில் சுழற்றிப் பூசி, 100 டிகிரியில் சூடாக்கினால் படலம் கருப்பாக மின்னும். அதை நம் ஊர்க் காற்றில் வெளியே வைத்துப் பாருங்கள், மெல்ல மஞ்சள் தட்டிவிடும். ஈரம் பட்டதும் மறுபடி ஈய அயோடைடாகச் சிதைகிறது. நாலு வருடம் அந்த மஞ்சளோடுதான் மல்லுக்கட்டினேன்.

இப்போது போஸ்ட்டாக் தேடல். 23 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டதில் இரண்டே பதில், இரண்டும் 'நிதி இல்லை'. எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியது என் தப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

கண் வைத்திருப்பது இரண்டு ஆய்வு உதவித்தொகைகளின் மேல். ஐரோப்பாவின் மேரி கியூரி நிதிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பம் போடலாம். ஆனால் போகும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. எனக்கு அந்தச் சிக்கலே இல்லை, லங்காவியைத் தாண்டியதே அபூர்வம்! அப்புறம் ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் (அறிவியல் மேம்பாட்டுக் கழகம்) தருவது, 12 முதல் 24 மாதம் வரை. இரண்டுக்குமே அங்கே ஒரு பேராசிரியர் முதலில் சரி சொல்ல வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போனவர்கள் முதல் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? ஆய்வுத் திட்டத்தை அப்போதே இணைத்தீர்களா? பழைய கடிதம் இருந்தால் பெயரை மறைத்து அனுப்பினாலும் போதும். பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர் என்றால் ஃபெரி ஏறி நானே வருகிறேன், தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) என் செலவு.